மச்சத்தையும் பார்க்க வேண்டும், உள்ளங்காலையும் பார்க்க வேண்டும்

காங்கேயம் சீமையில் காளை வாங்கப் புறப்படும் குடியானவர் பல்லைப் பார்ப்பார், கொம்பைப் பார்ப்பார், திமிலைத் தடவிப் பார்ப்பார், மேனியில் எந்த இடத்தில் எந்தச் சுழி இருக்கிறது என்று சுற்றி வந்து பார்ப்பார். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் இந்தச் சோதனை முடியாமல் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவோர் இல்லை. நெசவாளரும் அவ்வாறே. நெய்த துணியைச் சங்கத்தில் ஒப்படைக்கு முன், வெளிச்சத்தில் விரித்து, இழை விட்ட இடம் உண்டா, கறை உண்டா என்று கண்ணோட்டம் விட்ட பின்னரே மடிக்கிறார். மாட்டின் மேனியையும் துணியின் மேனியையும் இத்தனை கருத்துடன் பார்க்கும் நாம், நமது சொந்த மேனியை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

மச்சம் என்றால் நமக்கு இரண்டு செய்திகளே நினைவுக்கு வரும். ஒன்று, அது அதிர்ஷ்டமா, அன்றா என்ற சாஸ்திரம். மற்றொன்று, பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதப்பட்டிருக்கும் வரி. முன்னதைப் பற்றி இங்கே சொல்வதற்கு ஒன்றுமில்லை. பின்னது பயனுள்ளது. 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று அன்று எழுதினார்களே, அந்த மச்சம் இன்றும் அதே அளவில், அதே நிறத்தில் இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டால், இக்கட்டுரையின் பாதி விஷயத்தை அறிந்தவர்களாவோம்.

மச்சம் என்பது யாது?

நமது தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் கருமைப் பொருள். அதை உண்டாக்கும் நுண்ணிய அணுக்கள் தோல் முழுவதும் பரவிக் கிடக்கின்றன. அவை ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்துவிட்டால் அதுவே மச்சம். பிறவியிலேயே சில இருக்கும். பெரும்பாலானவை குழந்தைப் பருவத்திலிருந்து ஏறக்குறைய முப்பது, நாற்பது வயதுக்குள் தோன்றும். வளர்ந்த மனிதருக்குப் பத்து முதல் நாற்பது மச்சங்கள் வரை இருப்பது சாதாரணம். வாலிபப் பருவத்திலும், பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலும் அவை சற்றுக் கறுப்பதுண்டு. முதுமையில் சில மங்கி மறைவதும் உண்டு. மச்சத்தில் மயிர் முளைத்திருப்பதால் மட்டும் அது கெட்டது என்று அஞ்ச வேண்டுவதில்லை.

மச்சம் வேறு, மரு வேறு. கழுத்திலும் அக்குளிலும் சிறு காம்புடன் தொங்கும் சதைத் துணுக்கு ஒருவகை, அது தீங்கற்றது. கை விரல்களிலும் காலிலும் சொரசொரப்பாக எழும்பும் மரு மற்றொரு வகை, அது ஒரு வைரஸ் கிருமியால் வருவது, தொட்டால் பரவும். வயதானவர்களின் முகத்திலும் முதுகிலும் மெழுகை ஒட்டி வைத்தாற்போல் பழுப்பாகத் தோன்றும் தடிப்புகள் மூன்றாவது வகை. அவையும் பெரும்பாலும் கெடுதல் இல்லாதவை. இவை எல்லாவற்றையும் 'மச்சம்தான்' என்று ஒரே பெயரால் அழைப்பதால்தான், கவனிக்க வேண்டியது கவனிக்கப்படாமற் போகிறது.

நமக்கும் இந்தக் கவலை வேண்டுமா?

மச்சத்திலிருந்தோ, அல்லது புதிதாக ஒரு கரும்புள்ளியாகவோ தோன்றும் கொடிய புற்றுநோய்க்கு மெலனோமா என்று பெயர். இது வெள்ளைத் தோல் உடையவர்களை மிகுதியாகப் பற்றுகிறது. ஆஸ்திரேலியாவில் ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் 30 பேருக்கு மேல் இந்நோய் காண்கிறது. இந்தியாவிலோ லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு. நமது கறுத்த தோலில் உள்ள மெலனின் வெயிலுக்குக் குடையாக நின்று காக்கிறது. ஆதலின் ஒவ்வொரு மச்சத்தையும் கண்டு நடுங்குவது தேவையற்றது.

ஆயினும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. வெள்ளையரிடம் இந்நோய் வெயில் படும் முதுகிலும் கால்களிலும் முகத்திலும் வருகிறது. நம்மவரிடமோ, வெயிலே படாத உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தின் அடியிலும் வருவது அதிகம். அவற்றிலும் உள்ளங்காலே முதன்மையான இடம். அதாவது நாம் ஒருநாளும் திருப்பிப் பார்க்காத இடத்தில்தான் அது குடியேறுகிறது. நோய் அரிதாக இருப்பதால் அதைப் பற்றிய எண்ணமே நமக்கு இல்லை. எண்ணம் இல்லாததால் வைத்தியரிடம் போவது தாமதமாகிறது. தாமதமாவதால், அரிதான அந்த நோய் வந்தவர்களுள் பலர் பிழைப்பதில்லை.

உலகம் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி கறுப்பினத்தவர். கால்பந்து ஆட்டத்தில் பெரும் பிரியம் உள்ளவர். அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் இருந்த புண், ஆட்டத்தில் பட்ட அடி என்றே எண்ணப்பட்டது. 1977ல் அது மெலனோமா என்று கண்டறியப்பட்டது. நோய் உடலெங்கும் பரவி, 1981 மே மாதத்தில், 36வது வயதில் அவர் காலமானார். செல்வமும் புகழும் உள்ளவருக்கே இப்படி ஆனதென்றால், வெறுங்காலோடு குழித்தறியில் மிதி மிதிப்பவரும், தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவரும், கொப்பரைக் களத்தில் நடப்பவரும் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

கால் ஆணி என்று விட்டுவிடாதீர்கள்

நமது ஊர்ப்புறங்களில் உள்ளங்காலில் எது தோன்றினாலும் அதற்குக் கால் ஆணி என்று பெயர். கருவேல முள் குத்தியது, கல் குத்தியது, செருப்புக் கடித்தது என்று ஒரு காரணமும் உடனே கிடைத்துவிடும். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் உண்மையான ஆணிக்கு ஓர் இலக்கணம் உண்டு. அழுத்தம் விழும் இடத்தில் அது வரும். தோல் நிறத்திலோ மஞ்சளாகவோ இருக்கும். கால் ஆணி வெட்டினால் அடியில் கடினமான முளை தெரியும். முள் குத்திய புண்ணானால் சில வாரங்களில் ஆறிவிடும்.

கறுப்பாகவோ கருநீலமாகவோ நிறம் பரவும் ஆணி, மாதக்கணக்கில் ஆறாத புண், அடிக்கடி இரத்தம் கசியும் சதை வளர்ச்சி, இவை ஆணி அல்ல என்று சந்தேகிக்க வேண்டும். சிற்சில சமயங்களில் நிறமே இல்லாமல் சிவந்த சதையாகவும் மெலனோமா வருவதுண்டு. ஆகவே, ஒரு மாதத்தில் ஆறாத எந்தக் கால் புண்ணையும் வைத்தியர் பார்த்தே தீர வேண்டும்.

நகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களின் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது இயல்பே. ஒரே ஒரு நகத்தில் மட்டும் புதிதாகக் கருங்கோடு தோன்றி, 3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, நாளுக்கு நாள் விரிந்து, நகத்தைச் சுற்றிய தோலிலும் கருமை படர்ந்தால் அது எச்சரிக்கை. நகத்தில் அடிபட்டுக் கட்டிய இரத்தம் நகத்தோடு சேர்ந்து முன்னே நகர்ந்து போகும். நோயின் கருமையோ இடம் விட்டு அகலாமல் பெருகும். இந்த வித்தியாசத்தை மனத்தில் இருத்துதல் வேண்டும்.

ஐந்து அடையாளங்கள்

1985ல் நியூயார்க் பல்கலைக்கழக வைத்தியர்கள், பாமரரும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி நான்கு அடையாளங்களைத் தொகுத்துக் கூறினர். 2004ல் ஐந்தாவது ஒன்று சேர்க்கப்பட்டது. அவையாவன:

1. சமம்: மச்சத்தின் நடுவே ஒரு கோடு கிழித்ததாகப் பாவித்துக் கொள்ளுங்கள். இரு பாதிகளும் ஒத்திருந்தால் நல்லது. ஒரு பாதி ஒருவிதமாகவும் மறுபாதி வேறுவிதமாகவும் இருந்தால் கவனிக்க வேண்டும்.

2. ஓரம்: நல்ல மச்சத்தின் கரை, தேர்ந்த நெசவாளர் போட்ட கரையைப் போல் திருத்தமாக இருக்கும். கரை கலைந்து, மை கசிந்த காகிதம்போல் படர்ந்திருந்தால் சந்தேகத்துக்குரியது.

3. நிறம்: ஒரே நிறம் நல்லது. ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, வெளுப்பு, நீலம் என்று பல சாயங்கள் கலந்திருப்பது நல்லதன்று.

4. அளவு: 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது, அதாவது பென்சிலின் பின்முனையைவிடப் பெரியது, கூர்ந்து பார்க்கத் தக்கது. அதைவிடச் சிறியதிலும் நோய் இருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது.

5. மாற்றம்: ஐந்தினும் முக்கியமானது இதுவே. பல ஆண்டுகளாகச் சும்மா இருந்த மச்சம் வளர்ந்தாலும், உயர்ந்தாலும், நிறம் மாறினாலும், அரித்தாலும், இரத்தம் வந்தாலும், மேல்தோல் உடைந்து பொருக்கு கட்டினாலும் தாமதம் கூடாது.

இவற்றோடு இன்னொரு எளிய வழியும் உண்டு. ஒருவருடைய மச்சங்கள் பெரும்பாலும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் போல் ஒரே சாயலில் இருக்கும். அவற்றுள் ஒன்று மட்டும் வேற்றுச் சாயலில் தனித்துத் தெரிந்தால் அதை வைத்தியரிடம் காட்டுங்கள். கடினமாகக் குமிழ்போல் எழும்பி, வாரத்துக்கு வாரம் பெரிதாகும் வகை ஒன்று உண்டு. அது மேற்சொன்ன முதல் நான்கு அடையாளங்களுக்குள் அடங்காமலும் இருக்கும். அது வேகமாகப் பரவக்கூடியது. பிறவியிலேயே மிகப் பெரிதாக, கையளவுக்கு மேல் படர்ந்த கருமச்சம் உள்ள குழந்தையைத் தொடக்கத்திலிருந்தே தோல் வைத்தியரின் பார்வையில் வைத்திருப்பது நலம்.

மாதம் ஒருமுறை பார்க்கும் முறை

இதற்குச் செலவு ஏதுமில்லை. பதினைந்து நிமிஷம் போதும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் இதற்கு மிகவும் தகுந்த நாள். அமாவாசையன்று தறிக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அந்த நாளையே வைத்துக்கொண்டால் மறதி ஏற்படாது.

நல்ல பகல் வெளிச்சத்தில், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, முகம், காதின் பின்புறம், கழுத்து, மார்பு, கைகள், உள்ளங்கை, விரலிடுக்கு, நகங்கள் என்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். பெண்கள் மார்பின் அடிமடிப்பையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். முதுகையும் தலையின் உச்சியையும் கணவனுக்கு மனைவியும், மனைவிக்குக் கணவனும், பெரியோர்க்குப் பிள்ளைகளும் பார்த்துச் சொல்லலாம். கடைசியாக, உட்கார்ந்து ஒவ்வொரு காலையும் மடியில் தூக்கி வைத்து, உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு, நகம் ஆகியவற்றைக் கழுவித் துடைத்துப் பாருங்கள். மருதாணியோ நகச்சாயமோ இட்டிருந்தால் அது போன பின் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் காலைத் தினந்தோறும் பார்க்க வேண்டியவர்கள்; இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்துவிடும்.

சந்தேகமான மச்சம் இருந்தால் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து, தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் மறுபடி எடுத்து ஒப்பிட்டால் மாற்றம் தெரிந்துவிடும். ஆனால் மேற்கண்ட அடையாளம் ஏதேனும் தெளிவாக இருக்குமானால், அடுத்த மாதம் வரை காத்திருத்தல் கூடாது.

தொழிலால் வரும் தோல் நோய்

கோயம்புத்தூரைத் தென்னாட்டின் மான்செஸ்டர் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த மான்செஸ்டர் கற்ற ஒரு கசப்பான பாடத்தை நாமும் அறிந்திருப்பது அவசியம். லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்பு இயந்திரத்தின் கதிர்களுக்கு இட்ட கனிம எண்ணெய் தெறித்து, தொழிலாளரின் காற்சட்டையை நாள்தோறும் நனைத்தது. ஆண்டுகள் பல கழிந்த பின், அவர்களுடைய விதைப்பையின் தோலில் புற்றுநோய் தோன்றியது. மான்செஸ்டர் ராயல் மருத்துவமனையில் 1902 முதல் 1922 வரை அந்நோயால் சிகிச்சை பெற்ற 141 பேரில் 69 பேர் இத்தகைய நூற்பாளர்கள் என்று இரு வைத்தியர்கள் 1922ல் எடுத்துக் காட்டினார்கள். பாதுகாப்பு விதிகள் சட்டமாக வந்ததோ 1953ல்தான். முப்பது ஆண்டுகள் வீணாயின.

இன்று விசைத்தறிக் கூடங்களிலும் மோட்டார்ப் பட்டறைகளிலும், பழைய எஞ்சின் எண்ணெய் படிந்த ஆடையை நாள்முழுதும் உடுத்தியிருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். எண்ணெய்க் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல், எண்ணெய்த் துணியை இடுப்பில் செருகாதிருத்தல், வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுதல் ஆகிய மூன்றும் பெரிய காப்பாகும்.

நாம் நெய்யும் வேட்டியின் பெயராலேயே ஒரு புற்றுநோய் அழைக்கப்படுகிறது. பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் கானோல்கர் முதலியோர் 1945ல் அதை விவரித்தனர். வேட்டியை இடுப்பில் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டுவதால் தோல் கறுத்து, அல்லது வெளுத்து, தடித்து, சிலருக்கு அங்கே ஆறாத புண் உண்டாகிறது. பெண்களுக்குப் பாவாடை நாடாவால் அதே இடத்தில் வருவதும் பின்னர்க் கண்டறியப்பட்டது. வேட்டியின்மேலோ சேலையின்மேலோ குற்றமில்லை, இறுக்கத்தின்மேல்தான் குற்றம். நாடாவை அகலமாகத் தைத்துத் தளர்த்திக் கட்டி, கட்டும் இடத்தைச் சற்று மாற்றிக்கொண்டால் போதும். இடுப்பில் புண் ஆறாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். பழைய தீப்புண் தழும்பில் புதிதாகப் புண் வெடித்தாலும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

மச்சத்தை எடுப்பது எப்படி?

கலியாணம் நிச்சயமானதும் முகத்து மச்சத்தை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. சவரம் செய்யும்போது கத்தி படுகிறது, ரவிக்கை உராய்கிறது என்பதும் நியாயமான காரணங்களே. எடுப்பதில் தவறில்லை, எடுக்கும் முறையில்தான் விஷயம் இருக்கிறது.

சுண்ணாம்பும் சோடாக் காரமும் குழைத்து வைத்தல், அமிலம் தொட்டு வைத்தல், சேங்கொட்டைப் பால் தடவுதல், ஊதுவத்தியால் சுடுதல், மயிரால் இறுகக் கட்டி அறுந்து விழச் செய்தல் என்று ஊரிலே பல கைமுறைகள் உண்டு. இவற்றால் தோல் வெந்து, சீழ் பிடித்து, வாழ்நாள் முழுதும் மறையாத வடு உண்டாகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. மேற்பரப்பு வெந்து மறைந்தபின், அடியில் நோய் இருந்தால் அது வெளியே தெரியாமல் உள்ளே வளரும். அது என்னவென்று சோதிக்கவும் வழியில்லாமற் போய்விடும். கடையில் விற்கும் கால் ஆணிப் பட்டைகளிலும் தோலை அரிக்கும் மருந்து உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது.

வைத்தியர்கள் கையாளும் முறைகள் வருமாறு. முதலாவது, வெட்டியெடுத்துத் தைத்தல். மரப்பு ஊசி போட்டு, மச்சத்தை அடித்தோலோடு முழுவதுமாக எடுத்து, சில தையல் போடுவார்கள். அன்றே வீடு திரும்பலாம். முகத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்திலும், காலில் ஏறக்குறைய இரண்டு வாரத்திலும் தையல் பிரிப்பார்கள். சந்தேகத்துக்கு இடமான மச்சத்துக்கு இதுவே ஏற்ற முறை. இரண்டாவது, மேலெழும்பிய தீங்கற்ற மச்சத்தைத் தோல்மட்டத்தில் சீவியெடுத்தல், தையல் வேண்டாம், ஆனால் சில மீண்டும் வளரலாம். மூன்றாவது, மின்சாரத்தால் தீய்த்தல், குளிரால் உறையச் செய்தல், லேசர் ஒளியால் எரித்தல். தொங்கு சதைக்கும் மருவுக்கும் இவை பொருத்தமானவை. சந்தேகமான கருமச்சத்தை லேசரால் எரிப்பது கூடாது. அழகு நிலையங்களில் இதைச் செய்துகொள்வது சிறிதும் தகாது.

எந்த முறையானாலும் சிறு தழும்பு ஒன்று மிஞ்சும். நம்மவரில் சிலருக்கு மார்பிலும் தோளிலும் காது மடலிலும் தழும்பு தடித்து மேடாக வளரும் இயல்பு உண்டு. முன்பு அப்படி நேர்ந்திருந்தால் வைத்தியரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். நீரிழிவு உண்டு, இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறேன், மருந்து ஒவ்வாமை உண்டு என்பனவற்றையும் மறைக்கலாகாது.

சோதனைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்

எடுத்த சதையைக் குப்பையில் எறிய விடாதீர்கள். அது மருந்து நீரில் இட்ட சிமிழில் பரிசோதனைச் சாலைக்குச் செல்ல வேண்டும். அங்கே மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, நல்லதா, கெட்டதா என்று எழுதித் தருவார்கள். 'இதைச் சோதனைக்கு அனுப்புகிறீர்களா?' என்று கேட்பது அங்கத்தினரின் உரிமை. அந்த முடிவுச் சீட்டைப் பட்டா, பத்திரம்போல் பாதுகாத்து வைத்தல் வேண்டும்.

'கத்தி பட்டால் புற்று பரவும்' என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அது தவறான நம்பிக்கை. பரவுவது கத்தியால் அன்று, காலதாமதத்தால். மெலனோமா தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே பிழைக்கும் வாய்ப்பு கணிக்கப்படுகிறது. இந்த அளவை 1970ல் பிரெஸ்லோ என்ற அமெரிக்க வைத்தியர் வகுத்தார். ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது, சுற்றிலும் சிறிது நல்ல தோலையும் சேர்த்து வெட்டியெடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்து விடுகிறார்கள். ஆழம் கூடக் கூட, நிணநீர் முடிச்சுகளுக்கும் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் நோய் தாவுகிறது. இப்போது புதிய மருந்துகள் வந்திருப்பது உண்மையே. ஆனால் அவற்றின் செலவு ஓர் ஏழைக் குடும்பத்தைச் சாய்த்துவிடும். தொடக்கத்தில் நான்கு தையலோடு முடிய வேண்டிய காரியம் அது!

காங்கேயத்தைச் சுற்றியுள்ளவர்கள் முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டலாம். திருப்பூர், கோயம்புத்தூர், பெருந்துறை ஆகிய ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் வைத்தியப் பிரிவு உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், தங்களுக்கான சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். புற்று என்று உறுதியானால் அதற்கென்றே உள்ள நிலையங்களுக்குச் செல்வது நல்லது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், இலாப நோக்கமின்றித் தமிழ்நாட்டுக்குத் தொண்டாற்றி வருவதை யாவரும் அறிவர். பலர் சிறுகச் சிறுக ஈந்த பொருளால் வளர்ந்த அந்நிலையம், கூட்டுறவில் நம்பிக்கை வைத்த நமக்கு அந்நியமானதன்று.

சங்கங்கள் செய்யத்தக்கது

இவ்விஷயத்தில் தனியொருவர் செய்வதைவிடச் சங்கம் செய்யக்கூடியது அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை மகாசபைக் கூட்டத்தன்றே தோல் வைத்தியர் ஒருவரை அழைத்து, அங்கத்தினர்களின் கை, கால், முதுகு ஆகியவற்றைப் பார்க்கச் செய்யலாம். பெண் அங்கத்தினர்களுக்குப் பெண் வைத்தியரும் தனி அறையும் ஏற்பாடு செய்தல் அவசியம். ஐந்து அடையாளங்களை எழுதிப் பாவு பட்டுவாடா செய்யும் இடத்திலும், உரம் கொடுக்கும் கிடங்கிலும் ஒட்டி வைக்கலாம். வயலுக்குச் செல்வோர் செருப்பணிவதையும், தலையில் துண்டு கட்டுவதையும் வற்புறுத்தலாம். செருப்பு மெலனோமாவைத் தடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை; ஆனால் முள்ளும் காயமும் குறைந்தால், ஆறாத புண் எது என்பது தெளிவாகத் தெரியும்.

துணியில் ஓர் இழை அறுந்தவுடன் நெசவாளர் தறியை நிறுத்தி முடி போடுகிறார். அறுந்த இழையை விட்டுவிட்டு நெய்துகொண்டே போனால், பிறகு ஒரு முழம் துணியையே வெட்டியெறிய நேரும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த அறிவைத் தம் உடம்பின்மேலும் சற்றுத் திருப்பினால் போதும். அங்கத்தினர்கள் இவ்விதழை வாசித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யக் கோருகிறோம். வலது காலைத் தூக்கி உள்ளங்காலைப் பாருங்கள். பிறகு இடது காலைப் பாருங்கள். அதன்பின் வீட்டில் உள்ள மூத்தவர்களின் காலையும் பார்த்துவிடுங்கள்.